ரூபி அக்காவின் கிரேக்கப் புத்தகங்கள்

செவ்வாய்க்கிழமை காலை. திருப்பதியில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையின் பதிவேட்டு அறையில் முந்தைய நாள் கோப்புகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். சித்தூரிலிருந்து ரூபி அக்காவின் கணவர் தேவதாஸ் அண்ணனின் அழைப்பு வந்தது. வேலை நேரத்தில் கூப்பிடுகிறவர் அல்லர் அவர். எடுத்தேன்.

"முரளி, அவ போயிட்டாப்பா."

எனக்கு வாயில் வந்தது ஒரே கேள்விதான். "எத்தன மணிக்குண்ணா?"

இறந்தவர்களின் கோப்புகளை முடித்து வைப்பதும் எங்கள் பிரிவின் வேலை. நேரம் எழுதாத கோப்பை முடிக்க முடியாது. அந்தப் பழக்கம் நாக்கில் ஏறியிருந்தது. அண்ணன் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. "விடிஞ்சிக்கினு இருந்துச்சு. ராத்திரி வேல முடிஞ்சி வந்து, நானு பால் வாங்கியாறப் போயிருந்தேன்" என்றார். எனக்குப் போனை வைக்கத் தெரியவில்லை. பிறகு அவரே வைத்தார்.

நினைவு ஆராதனைக்காக ஒரு கட்டுரை எழுதித் தரும்படி சித்தூர் சபையின் போதகர் என்னைக் கேட்டுக்கொண்டார். "ரூபி அம்மாவ சபையில எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்தக் கிரேக்கத்தப் பத்தி உங்களுக்குத்தான் தெரியும். அத்த எழுதுங்க" என்றார். நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் அல்லன், கிறித்தவனும் அல்லன். திருத்தணியிலிருந்து பிழைப்புக்காகத் திருப்பதிக்கு வந்து, ஒற்றை அறையில் தங்கி, வார இறுதியில் மட்டும் ஊருக்குப் போகிறவன். அக்காவோடு ஒரே அறையில், எதிரெதிர் மேசைகளில் பல வருடம் வேலை செய்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

திருமதி ரூபி மனோகரி அவர்கள் சித்தூரில் பிறந்து சித்தூரிலேயே வாழ்ந்தவர். பள்ளிப் படிப்பு மிஷன் பள்ளிக்கூடத்தில், தமிழில். கல்லூரி ஆங்கிலத்தில். கடைத்தெருவும் அலுவலகமும் தெலுங்கில். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விட்டு, போனது தெரியாமலே திரும்பி வருவார். கணவர் தேவதாஸ் அண்ணன், சித்தூருக்கு வெளியே ஒரு மாம்பழக் கூழ் ஆலையில் லாரிகளை நிறுக்கும் எடைமேடையைப் பார்த்துக்கொள்கிறவர். அக்கா தினமும் ரயிலில் பாகாலா வழியாகத் திருப்பதிக்கு வந்து போனார். சந்திரகிரி வருவதற்குள் உட்கார இடம் கிடைத்தால் அன்று நல்ல நாள் என்பார்.

எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீடு திரும்பும் நோயாளியின் கோப்பைப் படித்து, அவருக்கு வந்த நோய்க்கு உரிய குறியீட்டைப் போடுவது. உலகம் முழுக்க ஒரு நோய்க்கு ஒரே குறியீடு. அக்காவிடம் எந்தக் கோப்பும் தெளிவில்லாமல் நகராது. சிறுநீரகத்தில் கல் என்று மட்டும் எழுதியிருந்தால் வார்டுக்குப் போன் போடுவார். "சார், எடமா, குடியா?" என்று தெலுங்கில் இடதா வலதா கேட்பார். மறுமுனையில் யாராவது எரிந்து விழுந்தால் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மறுபடி அதே கேள்வியைக் கேட்பார். வைத்த பிறகு என்னைப் பார்த்து, "கோவம் வரட்டும், ஆனா எந்தப் பக்கம்னு சொல்லட்டும்" என்பார்.

அவருடைய ஒரே மகன் ஜோயல். திருப்பதியில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தான். ஒரு சனிக்கிழமை வண்டியில் வீட்டுக்குப் போகும்போது பாகாலாவுக்கு முன்னால் லாரி மோதியது. எங்கள் மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். காப்பாற்ற முடியவில்லை. சில நாளில் அந்தக் கோப்பு, எல்லாக் கோப்புகளையும் போல, எங்கள் அறைக்கு வந்தது. அக்கா விடுப்பில் இருந்தார். நான்தான் அதை முடித்து வைத்தேன். அதைப் பற்றி அவர் ஒருநாளும் கேட்கவில்லை.

அடக்கத்தின்போது போதகர் ஜெபம் செய்தார். சித்தூர்ச் சபையார் அவரை ஐயர் என்றுதான் அழைப்பார்கள். கல்லறைத் தோட்டத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்குத் தூங்குமிடம் என்று பொருள் என்றும், ஆகவே பிள்ளை தூங்குகிறான் என்றும் அவர் சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னதுதான். கூட்டத்தில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அக்கா மட்டும் தலை நிமிர்ந்து அவரையே பார்த்தார், போனில் எந்தப் பக்கம் என்று கேட்கும்போது இருக்கும் அதே முகத்தோடு.

வேலைக்குத் திரும்பிய பிறகு பல மாதம் அவர் வேலையைத் தவிர எதுவும் பேசவில்லை. ஒருநாள் மத்தியானம் கேண்டீனில் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே கேட்டார்.

"கிரேக்கம் கத்துக்கணும்னா எந்த புக்கு வாங்கணும் முரளி?"

"எதுக்குக்கா?"

"ஐயரு சொன்னாரே, தூங்கற எடம்னு. அது நெஜமான்னு பாக்கணும்."

"போன்ல பாத்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடுமே."

"பாத்தேன். நெஜம்னுதான் போட்டிருக்குது. அதையும் எவனோ ஒருத்தன்தானே எழுதி வச்சிருக்கான்? நானே படிச்சித் தெரிஞ்சிக்கணும்."

மகனை இழந்த ஒருவருக்கு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தவனுக்கு, புத்தகம் தேடித் தருவது செய்யக்கூடிய காரியமாகத் தெரிந்தது. நானும் சேர்ந்து படிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்குக் கிரேக்கம் எதற்கும் தேவையில்லை.

முதலில் வந்த புத்தகம் அழகாக இருந்தது. நீலக் கடலும் வெள்ளைச் சுவர்களும் போட்ட அட்டை. அக்கா ரயிலில் அதைப் படித்துக்கொண்டே வந்து, என் மேசையில் வைத்தார். "இதுல எல்லாரும் ரூம் வாடகை எவ்ளோன்னு கேட்டுக்கினு இருக்காங்க முரளி" என்றார். அது இன்றைய கிரேக்கம், சுற்றுலாப் பயணிகளுக்கானது. பழைய கிரேக்கம் வேறு என்பதே எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. ஜோயல் இறந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்து, பதிப்புரிமைக் காலம் முடிந்த ஒரு பழைய இலக்கண நூலை இணையத்திலிருந்து இறக்கி, சித்தூரில் ஜெராக்ஸ் எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தார். வெள்ளைக்காரப் பள்ளிகளில் பாடமாக இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் 'லத்தீனில் உள்ளதுபோல' என்று எழுதியிருந்தது. "லத்தீன் தெரிஞ்சவங்களுக்குக் கிரேக்கம் சொல்லித் தராங்க. நாம இன்னா தெரிஞ்சவங்க?" என்று கேட்டார். பிறகு அவரே பதிலும் கண்டுபிடித்தார். ஆங்கிலப் புத்தகங்கள் எல்லாம் வேற்றுமையை விளக்குவதற்கே பல பாடங்களைச் செலவழித்தன. சொல்லின் கடைசியில் உருபு மாறினால் பொருள் மாறும் என்பதைப் பயமுறுத்துவதுபோல எழுதியிருந்தார்கள். அக்கா அந்தப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனார். "எட்டு வேற்றுமை வச்சிக்கினு இருக்கறவங்களுக்கு அஞ்சு வேற்றுமை ஒரு விஷயமா? இவரு ரெண்டு பக்கம் எழுதறத்த நம்ம 'கு' ஒண்ணு சொல்லிடுது."

ஆனால் அந்த நூலில் பயிற்சிகளுக்கு விடை இல்லை. அது அவரை மிகவும் உறுத்தியது. "நமக்கு வாத்தியாரு கெடையாது. தப்பா ரைட்டான்னு சொல்ல யாராச்சும் வேணும். புக்கு பின்னாடி விடை இருக்கணும்" என்றார். அதன்பிறகு எந்தப் புத்தகத்தைப் பற்றி நான் சொன்னாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவர் போதகரிடமே போனார். அன்று நானும் சித்தூர் போயிருந்தேன். வெளியே செருப்புப் போட்டுக்கொண்டிருந்த மனிதரை நிறுத்தி, "ஐயரே, நீங்க பைபிள் காலேஜில கிரேக்கம் எந்த புக்குல படிச்சீங்க?" என்று கேட்டார்.

எதற்காகக் கேட்கிறார் என்பது போதகருக்குப் புரிந்துவிட்டது.

"அம்மா, நானு பரீட்சைக்குத்தான் படிச்சேன். அப்புறம் மறந்துபோச்சு. அன்னிக்கி சொன்னத்த ஒரு விளக்க நூல்ல பாத்துச் சொன்னேன். எனக்கா தெரிஞ்சி சொல்லல."

"தப்புன்னு சொல்லல ஐயரே."

"தெரியும்மா. எனக்கும் அன்னிக்கி என்ன சொல்றதுன்னு தெரியல. ஏதாச்சும் சொல்லணுமே."

சபையை ஒட்டியிருந்த வீட்டுக்குள் போய்த் தம்முடைய பாடப்புத்தகத்தை எடுத்துவந்து கொடுத்தார். முதல் சில பாடங்களில் பென்சில் கோடுகள் இருந்தன, அதற்கு மேல் பக்கங்கள் சுத்தமாக இருந்தன. அக்கா அதைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு, "பாவம், அவருக்கும் முடியல" என்று மட்டும் சொன்னார். அந்தப் புத்தகம் வருங்காலப் போதகர்களுக்கானது. வேதத்தில் அதிகம் வரும் சொற்களை முதலில் கற்றுத்தந்தது. விடைகளும் இருந்தன. ஆனால் சில வாரம் படித்துவிட்டு அதையும் மூடினார். "எல்லா வாக்கியமும் பிரசங்கம் பண்ணுது முரளி. அந்த ஊருல யாரும் துன்னல, தூங்கல, சண்ட போடலியா? சாதாரண ஜனம் அந்த வார்த்தைய எப்பிடிச் சொன்னாங்கன்னு பாக்கணும் எனக்கு."

அப்படித்தான் கடைசியில் கதைப் புத்தகத்துக்கு வந்தோம். இலக்கணத்தைக் கதைக்குள் ஒளித்துவைத்துச் சொல்லித்தரும் வகை. ஒரு துறைமுக ஊர், உப்புக்கண்டம் விற்கும் ஒரு பெண், அவளுடைய சோம்பேறி அண்ணன், ஒரு கழுதை. பாடத்துக்குப் பாடம் வாக்கியங்கள் நீளும். பின்பக்கம் விடை. நான் அதைத்தான் முதலிலிருந்தே வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வேற்றுமை, வினை அட்டவணைகளை முதலில் மனப்பாடம் செய்யாவிட்டால் அடித்தளம் நிற்காது என்பது அக்காவின் கட்சி. ஆகவே கதையைப் படித்துவிட்டு, பழைய ஜெராக்ஸ் இலக்கணத்தில் அதே பாடத்தைத் தேடிப் படிப்பது என்று சமரசம் செய்துகொண்டோம். மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க இதற்கே போனது. நான் எப்போதும் சில பாடங்கள் பின்னால்தான் இருந்தேன்.

அவர் தேடிய சொல் அந்தப் புத்தகத்தில் வந்தது. கதையில் அல்ல, பாடத்தின் கீழே பயிற்சி வாக்கியங்களில். மாலுமிகள் தூங்குமிடத்தில் சத்தம் போடுகிறார்கள் என்பது வாக்கியம். சத்திரத்தில் வரிசையாகப் படுக்கும் அறைக்கு அந்தப் பெயர். அதே சொல்தான். அக்கா விடைப்பகுதியைப் பார்க்கவில்லை. விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார். பிறகு அடுத்த வாக்கியத்தையும் படித்தார்.

"நெஜந்தான் முரளி. ஐயரு சரியாத்தான் சொல்லியிருக்காரு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"ஆனா இதுல காத்தால எல்லாரும் எழுந்திரிச்சிக் கப்பலுக்குப் போயிடறாங்க" என்றார்.

அன்று மத்தியானம் அதற்குமேல் படிக்கவில்லை. அவர் அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு வந்து கோப்புகளை எடுத்தார். அத்தோடு கிரேக்கம் முடிந்தது என்றே நினைத்தேன். மறுநாள் அடுத்த பாடத்தைத் திறந்து வைத்திருந்தார். "பாதில எப்பிடி விடறது? அந்த அண்ணங்காரன் கழுதைய வித்துட்டான், தெரியுமா?"

அந்த நல்ல காலம் நீளவில்லை. ஒரு மழைக்காலத்தில் அவருடைய வலது கட்டைவிரல் பேனாவைப் பிடிக்க மறுத்தது. எழுதி எழுதி வந்ததென்று நினைத்தார். பிறகு கோப்புகள் கையிலிருந்து நழுவின. சர்க்கரையாக இருக்கும், கழுத்து எலும்பாக இருக்கும் என்று ஆளுக்கு ஒன்று சொன்னோம். பல பரிசோதனைகளுக்குப் பிறகு அவரும் அண்ணனும் வேலூர் மருத்துவமனைக்குப் போனார்கள். திரும்பி வந்து வேலைக்கு வந்த அன்று, மருத்துவரின் காகிதத்தை என் முன்னால் வைத்தார். நீளமான அந்த நோய்ப் பெயரின் முதல் சொல்லை இடது கையால் பென்சில் கோடு போட்டுப் பிரித்திருந்தார்.

"அ, இல்ல. மியோ, தசை. த்ரோஃபே, சாப்பாடு. சாப்பாடு இல்லாத தசை. புக்கு இல்லாம நானா பிரிச்ச மொத வார்த்த இதுதான்."

நரம்புகள் செத்து, தசைகள் ஒவ்வொன்றாக நிற்கும் நோய் அது. கை, கால், நாக்கு, தொண்டை, கடைசியில் மூச்சு. அறிவுக்கு மட்டும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதன் குறியீடு எங்கள் இருவருக்கும் மனப்பாடம். அந்தக் கோப்புகள் எப்படிப் போய் முடியும் என்பதும் தெரியும். எவ்வளவோ முறை அவற்றை ஓரமாக அடுக்கி வைத்தவர்கள் நாங்கள். தெரிந்து என்ன செய்ய? அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். அக்காதான் எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார், இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு.

அதற்குப் பிறகு எனக்குச் செய்யத் தெரிந்தது மறுபடியும் புத்தகம் தேடுவதுதான். இப்போது தேட வேண்டிய புத்தகம் வேறு. விரித்து வைத்தால் தானாக மூடிக்கொள்ளாத கட்டு வேண்டும். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். எழுத முடியாதவர் செய்யக்கூடிய பயிற்சிகள் வேண்டும். பாடங்களை யாராவது படித்துக் காட்டும் ஒலிப்பதிவு இருந்தால் நல்லது. அப்படித் தேடிய நாளில் ஒரு மெல்லிய புத்தகம் கண்ணில் பட்டது. சில மாதத்தில் முடித்துவிடலாம் என்று அதன் பின்னட்டை சொன்னது. வாங்கிக்கொண்டு சித்தூருக்குப் போனேன். அப்போது அவர் வேலையை விட்டிருந்தார். வீட்டுக் கூடத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேச்சு குழற ஆரம்பித்திருந்தது, ஆனால் புரிந்தது.

புத்தகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எனக்குன்னு பாத்து சின்னதா வாங்கினியா?"

நான் புத்தகத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

"பெரிசு வாங்கு முரளி. ரெண்டு பாகமா இருந்தா ரெண்டும் வாங்கு. முடிக்கறதுக்கா படிக்கறேன்?"

இரண்டு பாகமாகவே வாங்கினேன். தூக்க முடியாத கனம். தேவதாஸ் அண்ணன் ஆலையில் கிடந்த இரும்புத் துண்டுகளைப் பற்றவைத்து, நாற்காலிக்குக் குறுக்கே வருவதுபோல ஒரு சட்டம் செய்தார். புத்தகம் அதில் விரிந்து நிற்கும். அக்கா தொண்டையில் லேசாக ஒரு சத்தம் எழுப்புவார், அண்ணன் பக்கத்தைத் திருப்புவார். அண்ணன் படித்தது பத்தாவது வரை, தெலுங்கில். ஆங்கிலமும் அவருக்குப் படிக்க வராது, கிரேக்கம் இருக்கட்டும். எடைமேடை வேலையை ராத்திரி ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு, இரவுத் துணைக்குப் பக்கத்து வீட்டு அம்மாவை வைத்துவிட்டு, பகலெல்லாம் அந்தச் சட்டத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "இன்னா எழுதியிருக்குதுன்னு தெரியாது. அவ கண்ணு கடைசி வரிக்கு வந்துச்சின்னா தெரிஞ்சிடும்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

அக்கா தெளிவாகப் பேசி நான் கேட்ட கடைசிப் பேச்சுகளில் ஒன்று இலக்கணத்தைப் பற்றியது. கிரேக்கத்தில் செய்வினை, செயப்பாட்டுவினை இரண்டுக்கும் நடுவே ஒன்று உண்டு. தனக்காகத் தானே செய்துகொள்வதைச் சொல்வது. அக்கா அதை முதலிலேயே பிடித்துக்கொண்டார். "நம்ம 'செஞ்சிக்கினேன்'தான் அது. ஊரெல்லாம் நம்ம 'கினு'வ கிண்டல் பண்ணுது, கிரேக்கனும் அதத்தான் சொல்றான்" என்பார். சில வினைச்சொற்கள் நிகழ்காலத்தில் சாதாரணமாக இருந்து, எதிர்காலத்தில் மட்டும் இந்த நடுவினைக்கு மாறும். கேட்பது, கற்பது, ஓடுவது என்று அந்த இரண்டாம் பாகத்தில் ஒரு வரிசை இருந்தது. அதில் சாவது என்பதும் இருந்தது.

"பாத்தியா," என்றார், ஒவ்வொரு சொல்லாக இழுத்து. "இப்ப சாவறேன்னா சும்மா சாவறதாம். இனிமே சாவப்போறேன்னா செத்துக்கறதாம்."

சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, அண்ணன் ஓடிவந்து அவரை நிமிர்த்திப் பிடித்தார். நான் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புத்தகம் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்வதைத் தவிர எனக்கு அங்கே வேலை இல்லை.

பிறகு பேச்சு முழுக்கப் போயிற்று. கண்ணும் புருவமும் மட்டும் அவர் சொன்னதைக் கேட்டன. ஒலிப்பதிவைப் போட்டோம், அதன் வேகம் அவருக்குப் பிடிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். "நானு படிக்கட்டுமாக்கா?" என்றேன். புருவம் ஏறியது. ஆம் என்று பொருள். ஞாயிற்றுக்கிழமைகளில் திருத்தணிக்குப் போவதை விட்டுவிட்டுச் சித்தூருக்குப் போனேன். சட்டத்தின் முன் நின்று அவருக்குப் படித்துக் காட்டினேன்.

என் கிரேக்கம் மோசம். அவர் எனக்கு வெகுதூரம் முன்னால் இருந்தார். எங்கே மூச்சு விட வேண்டும், எந்த எழுத்தை நீட்ட வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நான் தப்பாகப் படிக்கும்போது அவருடைய கண் சுருங்கும். நிறுத்துவேன். வேறு மாதிரி படிப்பேன். மறுபடி சுருங்கும். இன்னொரு மாதிரி. சரி எது என்று அவருக்குத் தெரியும், சொல்ல முடியாது. தப்பு என்று எனக்குத் தெரியும், திருத்த முடியாது. விடைப்பகுதியில் பொருள் இருந்தது, உச்சரிப்பு இல்லை. ஒரே வரியில் நின்றுகொண்டு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம். ஒருமுறை அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைத்துவிட்ட அண்ணன், "நல்லாத்தானே படிச்சீங்க?" என்று என்னிடம் கேட்டார்.

"தெரியலண்ணா" என்றேன்.

"இல்லடி, நல்லாத்தான் படிச்சாரு" என்று அக்காவிடம் சொன்னார். அக்காவின் புருவம் ஏறவில்லை. கண் மட்டும் என்மேல் கொஞ்ச நேரம் இருந்தது. கோபம் அல்ல. போதகரைப் பற்றிச் சொன்னாரே, அவருக்கும் முடியல என்று, அப்படிப் பார்த்தார் என்று நான் எடுத்துக்கொண்டேன். அது சரியா என்று இனி யாரையும் கேட்க முடியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு நான் படித்து வைத்திருந்த பாடத்தை அவருக்குப் படித்துக் காட்ட வாய்ப்பு வரவில்லை. அதற்குள் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது.

அடக்கம் அன்று பிற்பகலிலேயே நடந்தது. மாம்பழக் காலம், ஆலையில் லாரிகள் வரிசையில் நின்றிருந்தன. இருந்தும் அண்ணனோடு வேலை செய்கிறவர்கள் பலர் வந்திருந்தார்கள். எங்கள் அறையிலிருந்து எல்லாரும் வந்தோம். மகனுக்குப் பக்கத்தில் இடம் எடுத்திருந்தார்கள். போதகர் இம்முறை எந்தச் சொல்லையும் விளக்கவில்லை. வேதத்தைத் தமிழில் படித்தார், பாட்டுப் பாடினார்கள், மண் போட்டோம்.

வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் ஷாமியானா இன்னும் நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போனார்கள். அண்ணன் உள்ளே போய் ஒரு துணிப்பையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். எல்லாப் புத்தகங்களும் அதில் இருந்தன.

"நீங்க எடுத்துக்கினு போங்க முரளி. உங்களுக்குத்தான் ஒதவும்."

சரி என்று தலையாட்டினேன். குனிந்து எடுக்கப் போனபோது பையின் காதைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு மட்டும் விட்டுட்டுப் போங்க. எத்த வச்சி ஆரம்பிக்கறது?"

"யாருக்குண்ணா?"

"எனக்குத்தான். பக்கமெல்லாம் நானே திருப்பினேன். ஒரு எழுத்து தெரியாது. அவ இன்னா படிச்சிக்கினு இருந்தான்னு தெரியாமலே பூடுச்சே."

பைக்குள் கையை விட்டேன். ரூம் வாடகை கேட்கும் புத்தகம் வந்தது. லத்தீன் தெரிந்தவர்களுக்கான ஜெராக்ஸ் வந்தது. போதகருடையது வந்தது. மெல்லியது, கனமானவை. எல்லாம் ஆங்கிலத்தில் விளக்கியவை. ஒவ்வொன்றாக வெளியே எடுத்து நாற்காலியில் வைத்தேன். அண்ணன் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெலுங்குல இருக்குதா?"

"தேடினோம். எங்க கைக்குக் கெடைக்கலண்ணா."

"தமிழு? சபைப் பாட்டுப் புஸ்தகம் வச்சி நானு எழுத்துக்கூட்டிப் படிப்பேனே."

"அதுவும் கெடைக்கல."

இத்தனை வருடம் புத்தகம் தேர்ந்தெடுப்பதில் கழித்தவன் நான். எது யாருக்குப் பொருந்தும், எதில் என்ன குறை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அன்று அந்த மனிதர் கேட்டதற்கு ஒரு புத்தகத்தைக் கூட எடுத்து நீட்ட முடியவில்லை. நான் எடுத்துத் தரும்வரை அவர் காத்திருக்கவில்லை. அவரே குனிந்து கதைப் புத்தகத்தை எடுத்தார். அதில்தான் படங்கள் இருந்தன. ஷாமியானாவின் கீழ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்தைத் திறந்து முழங்காலில் வைத்தார்.

பந்தல்காரர்கள் வந்து நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தார்கள். கூரைத் துணியின் கயிறுகளை அவிழ்த்தார்கள். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கேட்க அவர்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. துணி இறங்கி, வெறும் வாசலில் வெயில் அவர்மேல் சாய்வாக விழுந்தது. அவர் முதல் வரியிலேயே விரலை வைத்துக்கொண்டு இருந்தார்.

போய் வாருங்கள், அக்கா. அண்ணன் பக்கத்தில் நானும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன். வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.